ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறேன். இங்கே வருவது பெரும்பாலும் கிறிஸ்தவப் பாடல் ஆல்பம், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடும் பக்திப் பாட்டு, வில்லிசை, பள்ளி ஆண்டு விழாவுக்கு ட்ராக், கடை விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஓடவிடும் பிரச்சாரம். இந்த வேலையில் சேரணும் என்று சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் போன் போடுகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருத்தருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1. அண்ணாச்சி, இதுக்குன்னு தனியா படிச்சிருக்கணுமா? நான் பி.காம். தான் முடிச்சிருக்கேன்.

பி.காம். போதும், பத்தாவது படித்தவரும் இந்த வேலையை நன்றாகச் செய்கிறார். நம்ம பக்கத்துச் சின்ன ஸ்டுடியோக்களில் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு "இதுல என்னென்ன வாத்தியம் கேட்குது, பாட்டு எந்த இடத்துல கொஞ்சம் தடுமாறுது" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

முறையாகப் படிக்க ஆசை இருந்தால் அதையும் விடவேண்டாம். சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பாடப்பிரிவு இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியிலும் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர்தான். தனியார் கோர்ஸ் என்றால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவன் கையில் மைக்கையும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கன்சோலையும் கொடுப்பார்கள்? அதற்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஹெட்போனும் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு இன்டர்ஃபேஸும் வாங்கி வீட்டில் பழகலாம்.

2. முதல் ஆறு மாசம் டீ வாங்கத்தான் அனுப்புவாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?

டீ வாங்கும் வேலையும் இருக்கும், அதை மறைக்கவில்லை. பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் வெந்நீர், தவில்காரருக்கு டீ, குழுவோடு வந்த பெரியவருக்கு ஒரு நாற்காலி, இதையெல்லாம் யாராவது ஒருத்தர் பார்த்தாக வேண்டும். பாடுகிறவர் நிம்மதியாக இருந்தால்தான் குரல் வரும் என்பதால் இது ஒலிப்பதிவோடு சேர்ந்த வேலைதான்.

ஆனால் டீ மட்டும்தான் என்றால் அங்கே இருக்காதீர்கள். முதல் மாதத்திலேயே கேபிள் போடுவது, ஸ்டாண்டு மாட்டுவது, ஹெட்போன் சரிபார்ப்பது, டேக் (ஒவ்வொரு தடவை பாடிப் பதிவதும் ஒரு டேக்) குறிப்பு எழுதுவது இதெல்லாம் கைக்கு வர வேண்டும். டேக் குறிப்பு எழுதுவதைச் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம். "டேக் 3, இரண்டாவது சரணம் நல்லா இருக்கு, கடைசி வரியில மூச்சுச் சத்தம், டேக் 4, கடைசி வரி மட்டும் எடுத்துக்கலாம்" என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருகிற பிள்ளை, தன்னை அறியாமலேயே கவனித்துக் கேட்கப் பழகிவிடும். இரவு எடிட்டிங்கில் உட்காரும்போது அந்த நோட்டுதான் எனக்கு வழிகாட்டி.

3. சம்பளம் உண்டா, இல்ல சும்மாவே போகணுமா?

ஸ்டுடியோவைப் பொறுத்தது. சில இடத்தில் ஆரம்பத்தில் பஸ் காசும் சாப்பாடும் மட்டும், சில இடத்தில் செஷனுக்கு (ஒரு தடவை உட்கார்ந்து பதியும் வேலைக்கு) இவ்வளவு என்று கொடுப்பார்கள். சேரும் முன்னாடியே வாய்விட்டுக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். எத்தனை மாதம் பழகல், அதற்கப்புறம் என்ன, ராத்திரி லேட்டானால் வீட்டுக்குப் போக என்ன ஏற்பாடு, இந்த மூன்றையும் பேசிவிடுங்கள். என் கருத்து, உங்களை வைத்து வேலை வாங்கி அதற்குப் பணமும் வாங்குகிறவர் உங்களுக்கும் கொடுக்க வேண்டும். சும்மா நின்று வேடிக்கை பார்ப்பது வேறு, முழு செஷனுக்கு ஆளாக நின்று உழைப்பது வேறு.

4. கேபிள் சுத்துறதுக்கு என்ன பெரிய முறை? கையில சுத்தி வச்சா போதாதா?

போதாது. முழங்கையில் மாட்டிக் கயிறு சுற்றுகிற மாதிரி சுற்றினால் உள்ளே இருக்கிற கம்பி முறுக்கிக்கொள்ளும், நாளாவட்டத்தில் உள்ளேயே அறுந்து, நல்ல டேக் போய்க்கொண்டிருக்கும்போது "கர் கர்" என்று சத்தம் போடும். ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று உள்பக்கமாகத் திருப்பி, இப்படி மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்படிச் சுற்றிய கேபிளை ஒரு முனையைப் பிடித்து வீசினால் முடிச்சு விழாமல் நேராக ஓடும். யாராவது ஒருமுறை செய்து காட்டினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் முனையில் மூன்று ஊசி இருக்கும். 1 தரை, 2-லும் 3-லும் ஒரே சிக்னல் நேரெதிராகப் போகும். வழியில் புகும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறுவதால், அந்தப் பக்கம் போய் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரைச்சல் போய்விடும், பாட்டு மட்டும் நிற்கும். அதனால்தான் இருபது மீட்டர் கேபிள் போட்டாலும் மைக் சுத்தமாக இருக்கிறது. சாலிடரிங் கற்றுக்கொள்ளுங்கள். அறுந்த கேபிளைத் தானே சரிபண்ணுகிற பிள்ளையை எந்த ஸ்டுடியோவும் விடாது.

5. அந்த 48 வோல்ட் பட்டன் எதுக்கு? அதைத் தொடாதேன்னு சத்தம் போட்டாங்க.

கண்டன்சர் மைக்குக்கு உள்ளே ஒரு சின்ன மின்சுற்று இருக்கும், அது வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அந்த 48 வோல்ட் மைக் கேபிள் வழியாகவே போகிறது. ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை, சரியான கேபிளில் போனால் கெடுதலும் இல்லை. ஆனால் ரிப்பன் மைக் சிலவற்றுக்கு ஆபத்து, அதனால்தான் சத்தம் போட்டிருப்பார்கள்.

வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலில் கேபிளை மாட்டு, சேனலை மியூட் செய், பாடுகிறவர் காதில் ஹெட்போன் இல்லை என்று பார், அப்புறம் 48 வோல்ட். அணைக்கும்போதும் மியூட் செய்துவிட்டு அணை, சில நொடி பொறு, அதன் பிறகு கேபிளைக் கழற்று. மியூட் செய்யாமல் போட்டால் ஸ்பீக்கரில் "டப்" என்று ஒரு அடி விழும், ஹெட்போன் போட்டிருப்பவர் துடித்துப்போவார்.

6. ரெக்கார்டிங் லெவல் எவ்வளவு வைக்கணும்? சிவப்பு தொடுற மாதிரி வச்சாத்தான் நல்லா இருக்கும்னு ஃப்ரெண்டு சொன்னான்.

அது கேசட் காலத்துப் பழக்கம். டேப்பில் இரைச்சல் இருந்ததால் சிக்னலை மேலே ஏற்றி வைப்பார்கள். 24 பிட்டில் (கம்ப்யூட்டர் சத்தத்தை நுணுக்கமாக அளக்கும் அளவு) பதியும்போது அந்த அவசியமே இல்லை. சாதாரணமாகப் பாடும்போது மீட்டர் -18 டெசிபல் பக்கம் நிற்கட்டும், உச்சஸ்தாயியில் -8, -6 வரை போகட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்டதைப் பழையபடி திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று. "டெஸ்டிங் கொஞ்சம் பாடுங்க" என்றால் எல்லாரும் மெதுவாகத்தான் பாடுவார்கள். பாட்டிலேயே சத்தமான வரி எதுவோ அதைப் பாடச் சொல்லி லெவல் வையுங்கள். அப்படி வைத்தபிறகும் கொஞ்சம் இடம் விடுங்கள், ஏனென்றால் உண்மையான டேக்கில் ஆவேசம் வந்து இன்னும் கூட்டுவார்கள். சாமி பாட்டில் இது கட்டாயம் நடக்கும்.

7. 44.1-ஆ 48-ஆ? எதுல போடணும்?

நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை சத்தத்தை அளந்து எழுதுவது என்பதுதான் இந்தச் சாம்பிள் ரேட். 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடிக்கு வந்த கணக்கு, 48 வீடியோவுக்கு. இப்போது எல்லாப் பாட்டும் யூடியூபுக்கு வீடியோவோடுதான் போகிறது, அதனால் 48, 24 பிட் என்றே நான் வைக்கிறேன். எதை வைத்தாலும் செஷன் தொடங்கும் முன் வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். கீபோர்டு புரோகிராமர் வேறு ஊரிலிருந்து அனுப்பும் ட்ராக் எந்த ரேட்டில் வந்திருக்கிறது என்று திறந்து பாருங்கள். ஒரு மோனோ ட்ராக் (ஒரு மைக்கின் பதிவு) இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும். எட்டு மைக் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டால் நாலு ஜிபிக்கு மேல் போகும். டிஸ்கில் இடம் இருக்கா என்று பார்ப்பது உங்கள் வேலை.

8. "எனக்கு நாலு கட்டை"ன்னு சொல்றாங்க, கம்ப்யூட்டர்ல சி, டின்னு இருக்கு. ஒண்ணும் புரியல.

ஹார்மோனியக் கணக்கு. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு: ஒன்றரை என்றால் சி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப். ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் நிற்கும், பெண் குரல் ஐந்து, ஐந்தரைப் பக்கம். பாடுகிறவர் சொன்ன கட்டையை அப்படியே நம்பி ட்ராக்கை அனுப்பாமல், அன்றைக்குத் தொண்டை எப்படி இருக்கிறது என்று பல்லவியையும் உச்சமான வரியையும் ஒருமுறை பாடவிட்டுப் பார்த்தபிறகு முடிவு செய்வது நல்லது. ட்ராக் முடிந்தபிறகு "அரைக் கட்டை குறைங்க" என்று வந்தால் எல்லாருக்கும் வேலை இரட்டிப்பு.

9. பாடுறவங்க "ஹெட்போன்ல என் குரல் ரெண்டா கேட்குது"ன்னு சொல்றாங்க. என்ன பண்ண?

பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு, பெரிதாக இருக்கிறது. மைக்கிலிருந்து வந்த குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பிக் காதுக்கு வர எடுக்கிற நேரம் அது. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 பஃபர் என்றால் ஒரு பக்கம் மட்டுமே 21 மில்லி செகண்ட், போக வர அதற்கு இரட்டிப்பு. 128-க்கு இறக்கினால் ஒரு பக்கம் 3-க்கும் கீழே. பதியும்போது சின்ன பஃபர், மிக்ஸிங்கில் (பதிந்ததையெல்லாம் சேர்த்துச் சமன் செய்யும்போது) பெரிய பஃபர். கம்ப்யூட்டர் திணறினால் கனமான பிளக்இன்களை (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களை) அணைத்துவிடுங்கள், அல்லது இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு மென்பொருளில் அந்தச் சேனலின் சத்தத்தை நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினாலும் குரல் இரண்டாகக் கேட்கும்.

10. நாதஸ்வரத்துக்கு மைக்கை எங்க வைக்கணும்? வாயிலயா, கீழயா?

இரண்டிலும் இல்லை. நாதஸ்வரத்தின் சத்தம் கீழே அகன்ற வாயாக இருக்கிற அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேரே மைக்கைப் பக்கத்தில் வைத்தால் காதைக் கிழிக்கும் ஒரு சத்தம் கிடைக்கும், கீழ் ஸ்வரங்கள் ஒரு மாதிரியும் மேல் ஸ்வரங்கள் வேறு மாதிரியும் ஒலிக்கும். மூன்று நாலு அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் பக்கவாட்டாக வைத்துப் பாருங்கள். கண்டன்சர் என்றால் மைக்கிலேயே இருக்கும் சத்தம் குறைக்கும் சுவிட்சைப் போடுங்கள். வித்வான் வாயில் வைத்து ஊதும் சீவாளியை ஈரப்படுத்திச் சரிசெய்ய நேரம் எடுப்பார், அவசரப்படுத்தக் கூடாது. சீவாளி படியாமல் எடுத்த டேக் எதற்கும் உதவாது.

தவிலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக். கூடு மாட்டிய விரலால் அடிக்கிற வலந்தலைக்கு ஒன்று, குச்சியால் அடிக்கிற தொப்பிக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது அடி மெலிந்து போனால் ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல் கீழை) திருப்பிக் கேளுங்கள், எதில் வயிற்றில் இறங்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செஷனிலேயே செய்யுங்கள், மிக்ஸிங்கில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டால் மைக்கை நகர்த்த முடியாது.

11. வில்லுப்பாட்டுக் குழுவைத் தனித்தனியா எடுத்தா சுத்தமா இருக்கும்ல?

சுத்தமாக இருக்கும், வில்லுப்பாட்டாக இருக்காது. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. குழுவை நடத்தும் அண்ணாவி ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட, அந்த "ஆமா" கொஞ்சம் முந்தினால் ஒரு அர்த்தம், பிந்தினால் ஒரு அர்த்தம். முகத்தைப் பார்த்து, வில்லை அடிக்கும் வீசுகோல் மேலே போகிற வேகத்தைப் பார்த்து அடிப்பார்கள். கண்ணாடி அறைக்குள் ஒருத்தரை அடைத்து ஹெட்போனில் கேட்டு "ஆமா" சொல்லச் சொன்னால், அது வருகைப் பதிவேட்டுக்குப் பதில் சொல்கிற மாதிரி வந்து விழும். ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக்கும் போடாதீர்கள். கதை சூடு பிடிக்கும்போது வேகம் ஏறத்தான் வேண்டும், சுடலை வருகிற இடத்தையும் தாய் புலம்புகிற இடத்தையும் ஒரே டெம்போவில் கட்டிப்போட முடியாது.

அப்புறம் எப்படி எடுப்பது? எல்லாரையும் ஒரே அறையில், மேடையில் உட்காருகிற வரிசையிலேயே, தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார வையுங்கள். வில்லு முன்னால் கிடக்கும், அதில் மணிகள் தொங்கும், அண்ணாவி அதற்குப் பின்னால். அவருக்கு வைக்கிற மைக் கார்டியாய்டாக இருக்கட்டும். ஸ்டாண்டின் கையை வில்லுக்கு மேலாக நீட்டி, மைக்கின் முகம் அவர் வாயைப் பார்க்க, முதுகு மணிகளைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம், அதனால் மணிச் சத்தம் குரல் ட்ராக்கில் குறைவாக ஏறும். வீசுகோல் ஏறி இறங்கும் பாதையில் ஸ்டாண்டு நிற்கக் கூடாது, அவரை ஒருமுறை வீசச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். குடத்துக்குத் தனி மைக், வாயிலிருந்து ஒரு அடி தள்ளி. நேர் மேலே வைத்தால் மட்டை அடிக்கும்போது கிளம்பும் காற்று மைக்கில் மோதும், அதனால் சாய்வாக. உடுக்கைக்கு ஒன்று, பின்பாட்டுக்காரர்களுக்கு நடுவில் ஒன்று, முழு அறைக்கும் உயரத்தில் ஒரு ஜோடி.

ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்கில் கலக்கத்தான் செய்யும். மைக்குக்கும் அதன் ஆளுக்கும் ஒரு அடி தூரம் என்றால் அடுத்த மைக் மூன்று அடிக்கு அப்பால் இருக்கட்டும், அந்தக் கணக்கு வைத்தால் கலப்பு தொந்தரவு தராது. தப்பு வந்தால் அந்த வரியை மட்டும் பன்ச் பண்ண (அதன்மேல் திரும்பப் பதிய) முடியாது, அந்தப் பகுதியை எல்லாரும் சேர்ந்து திரும்பப் பாட வேண்டும். இதை ஆரம்பத்திலேயே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள்.

12. நான் மைக்செட் கடையில நாலு வருசம் இருந்திருக்கேன். அது இதுக்கு உதவுமா?

ரொம்ப உதவும். கொடையில் ஜெனரேட்டர், கூம்புக் குழாய், கும்பல், மழை எல்லாவற்றுக்கும் நடுவில் மைக்செட் ஓட்டினவருக்குப் பதற்றம் வராது, கேபிள் எங்கே போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தத் தெளிவை எந்தக் கோர்ஸும் தராது.

மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்றுதான். மேடையில் மைக் கத்திவிடக் கூடாது என்று வாய்க்கு ஒட்டி வைப்போம், ஈக்வலைசரில் வெட்டுவோம். ஸ்டுடியோவில் கத்துகிற ஸ்பீக்கரே அறையில் இல்லை. பாடுகிறவரை மைக்கிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி நிறுத்தலாம். ஒட்டிப் பாடினால் அடிச்சத்தம் வீங்கும், "ப" வருகிற இடத்தில் காற்று அடிக்கும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் முதலில் எழுந்துபோய் மைக்கை நகர்த்துங்கள், ஈக்வலைசருக்கு அப்புறம் போகலாம்.

13. ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஒரே இரைச்சல். எர்த் பின்னைக் கழட்டுனா போயிரும்னு எலக்ட்ரீசியன் சொல்றாரு.

கழற்றவே கூடாது. இரைச்சல் போகும், ஒருநாள் மைக்கின் வலையில் உதடு பட்டுப் பாடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். எர்த் இருப்பது உயிருக்காக.

அந்த "ம்ம்ம்" நம்ம மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டு வழியாகவும் எர்த் சுற்றிவருவதால் வரும். எல்லாவற்றையும் ஒரே யுபிஎஸ், ஒரே பலகைக்குக் கொண்டுவாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் வழி அதுதான். ஒவ்வொரு கேபிளாக உருவிப் பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும். 4-வது கேள்வியில் சொன்ன மூன்று ஊசிக் கேபிளை முடிந்த இடத்திலெல்லாம் போடுங்கள்.

14. முட்டை அட்டை ஒட்டுனா வெளிச் சத்தம் உள்ள வராதுல்ல?

வரும். முட்டை அட்டைக்கு எடையே இல்லை, வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும்: தடித்த சுவர், நல்ல கதவு, கதவிடுக்கில் ரப்பர். அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை. அதற்கு ராக்வூல் பலகையைத் துணியில் பொதிந்து மாட்டுவோம், வீட்டில் என்றால் கனமான ஜமுக்காளம், துணி நிறைந்த அலமாரி. முட்டை அட்டை சீக்கிரம் தீப்பிடிக்கும், பூச்சியும் வரும்.

எத்தனை கனச் சுவர் இருந்தாலும் ஆடி மாதம் தெருவில் கொடை நடந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கோயிலுக்கு எந்தச் செவ்வாய் என்று விசாரித்து வைத்துக்கொண்டு செஷனைத் தள்ளிப்போடுங்கள். டேக் ஓடும்போது ஃபேன், ஏசி நிற்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். தென்காசிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும்: சாரல் காலத்தில் காற்றிலுள்ள ஈரம் கண்டன்சர் மைக்கில் ஏறி "படபட" என்று சத்தம் கொடுக்கும். மைக்கைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், ஸ்டாண்டிலேயே விட்டுப் போகாதீர்கள்.

15. பாடுறவங்க சுருதி விலகிப் பாடினா நான் சொல்லலாமா? சீனியர் கவனிக்காத மாதிரி இருந்துச்சு.

எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். டேக் குறிப்பில் எழுதுங்கள், அல்லது சீனியரிடம் காதோடு சொல்லுங்கள். அவர் கவனித்திருப்பார், பாடுகிறவரின் தைரியம் போய்விடக் கூடாதே என்று அடுத்த டேக்குக்கு வைத்திருப்பார். பாடுகிறவரோடு பேசும் டாக்பேக் மைக்கில் ஒருத்தர் மட்டும்தான் பேச வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம் ஏதோ பேசிச் சிரிப்பதை அந்தப் பக்கம் தனியாக நிற்கிறவர் பார்த்தால், தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வார். பாட்டி வயதில் ஒருத்தர் முதன்முதலாக மைக் முன்னால் நிற்கும்போது இது அவரை அப்படியே முடக்கிவிடும்.

16. ட்யூன் பண்ற சாஃப்ட்வேர் இருக்குல்லா, எப்படிப் பாடினா என்ன?

ஆட்டோ ட்யூன் 1997-இல் வந்தது, இப்போது எல்லா ஸ்டுடியோவிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஸ்வரத்தைப் பன்னிரண்டு கட்டங்களில் ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைக்கப் பார்க்கும். நம் பாட்டில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இரண்டு கட்டத்துக்கு நடுவில்தான் உயிரோடு இருக்கிறது. தானாக ஓடவிட்டால் அசைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். ஒப்பாரிச் சாயலில் பாடும் நாட்டுப்புறக் குரலையும் அது கெடுத்துவிடும். விலகிய ஒரு எழுத்தை மட்டும் கையால் எடுத்துச் சரிசெய்யலாம். அதைவிட நல்லது, 9-வதில் சொன்ன மாதிரி ஹெட்போனைச் சரிசெய்து, சுருதியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, இன்னொரு டேக் கேட்பது.

17. பொம்பளப் புள்ளைங்க இந்த வேலைக்கு வரலாமா? வீட்டுல யோசிக்காங்க.

தாராளமாக வரலாம், வர வேண்டும். பாட வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள், மைக் சரிசெய்ய ஒரு பெண் பக்கத்தில் வந்தால் அவர்களுக்கும் இயல்பாக இருக்கிறது. வீட்டில் யோசிப்பது நேரத்தைப் பற்றித்தான், அதில் நியாயம் இருக்கிறது. ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணி என்று சேரும்போதே சொல்லுங்கள், அதற்குமேல் நிற்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள். 3-வதில் சொன்ன ஏற்பாட்டுப் பேச்சில் இதுதான் முதல். அதற்கு முகம் சுளிக்கிற ஸ்டுடியோ வேண்டாம். சேரும் முன் அம்மாவையோ அண்ணனையோ கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள்.

18. நாள் முழுக்க ஹெட்போன், சவுண்டு. காது போயிராதா?

கவனமில்லாவிட்டால் போகும், போனது திரும்பாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது கணக்கு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம்தான். மிக்ஸிங்கில் ஸ்பீக்கரை, பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசுகிற அளவில் வையுங்கள். மணிக்கொருமுறை வெளியே போய் நில்லுங்கள். மேடை வேலைக்குப் போனால் காது அடைப்பான் போடுங்கள். ராத்திரி படுக்கும்போது காதில் "கீ" என்று கேட்டால் அன்றைக்கு அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், அது அடிக்கடி வந்தால் காது டாக்டரைப் பாருங்கள்.

19. பதிஞ்ச பாட்டு அழிஞ்சு போனா யார் பொறுப்பு?

பாட வந்தவரிடம் அந்தக் கேள்வியே எழக் கூடாது. கடையத்திலிருந்து வேன் பிடித்து வந்த குழுவைத் திரும்பக் கூப்பிட முடியாது. செஷன் முடிந்ததும், யாரும் செருப்பு மாட்டும் முன்னாலேயே, இரண்டாவது டிஸ்கில் காப்பி. அன்று ராத்திரிக்குள் மூன்றாவது காப்பி வேறு கட்டடத்தில் அல்லது இணையத்தில். காப்பி ஆனதோடு விடாமல் ஒரு பாட்டைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். "புதுசு ஃபைனல் 2" என்று பெயர் வைக்காமல் தேதி, பாடகர், பாட்டின் முதல் சொல், டேக் எண் என்று வையுங்கள். கரண்ட் போனாலும் யுபிஎஸ் சேமிக்க நேரம் தரும், அந்த நேரத்தில் சேமித்து நிறுத்துங்கள், பாட்டை முடிக்கப் பார்க்காதீர்கள்.

20. சினிமா மெட்டுல சாமி பாட்டு எழுதிக்கிட்டு வர்றாங்க. போட்டுக் குடுக்கலாமா?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டுக்கு ஒரு உரிமை, வரிக்கு ஒரு உரிமை, பதிவுக்குத் தனியாக ஒரு உரிமை. வரியை மாற்றிவிட்டதால் மெட்டு நம்முடையது ஆகாது. அனுமதி இல்லாமல் யூடியூபில் ஏற்றினால் உரிமைக்காரர் வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், வீடியோவையே நீக்கவும் சொல்லலாம். உதவியாளர் இதில் முடிவெடுக்க வேண்டாம், ஆனால் வந்தவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்வது, "இதே தாளத்துல புது மெட்டு போட்டுக்குவோம்" என்பதுதான். நம்மூரில் கும்மிப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் மெட்டுக்கா பஞ்சம்.

21. இங்கயே இருந்து முன்னேற முடியுமா, இல்ல சென்னைக்குப் போயிரணுமா?

சினிமா மிக்ஸிங்தான் லட்சியம் என்றால் ஒருநாள் சென்னைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே போகும் முன் இங்கே இரண்டு மூன்று வருடம் கையை நிரப்பிக்கொண்டு போவது நல்லது. பெரிய ஸ்டுடியோவில் பல மாதம் கன்சோலைத் தொடவிட மாட்டார்கள், இங்கே ஆள் குறைவு, எல்லா வேலையும் கைக்கு வரும். தவில், நாதஸ்வரம், உடுக்கை, குடம், பைப் ஆர்கன் வைத்த சர்ச், குழந்தைகள் கோரஸ், இத்தனை வகை ஒரே ஊரில் கிடைப்பது சாதாரணம் இல்லை.

இங்கேயே வேலையும் இருக்கிறது. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தில் தற்காலிக வேலைக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். வீடு வீடாகக் கிடக்கிற வில்லுப்பாட்டு, கணியான் கூத்து கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையை யாராவது பிள்ளைகள் கையில் எடுத்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். டேப் ஒட்டிக்கொண்டும் பூஞ்சை பிடித்தும் போய்க்கொண்டிருக்கிறது, பாடினவர்கள் பலர் இப்போது இல்லை.

22. பாட்டு முடிஞ்சதும் தனித்தனி ட்ராக்கா கேட்கிறாங்க. குடுக்கலாமா, எப்படிக் குடுக்கணும்?

கொடுக்கலாமா என்பது பேசிய தொகையைப் பொறுத்தது, அதை ஸ்டுடியோக்காரர் சொல்லட்டும். உதவியாளர் யாருக்கும் பென்டிரைவில் தானாக ஏற்றிக் கொடுக்கக் கூடாது, சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

கொடுக்கச் சொன்னால், எல்லா ட்ராக்கும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பிக்கிற மாதிரி எடுங்கள். புல்லாங்குழல் இரண்டாவது சரணத்தில்தான் வருகிறது என்றாலும் அதற்கு முன் இருக்கிற மௌனமும் ஃபைலில் இருக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பக்கம் திறக்கிறவருக்கு எல்லாம் தானாகப் பொருந்தி நிற்கும். எம்பி3 வேண்டாம், 7-வதில் சொன்ன அதே ரேட்டில் வேவ். குரலை எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்டோடு ஒன்று. டெம்போ, கட்டை, சாம்பிள் ரேட் மூன்றையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுதி, வெளியே அனுப்பும் முன் ஒரு காலி செஷனில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுப் பாட்டு முழுசாக ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.